கேசினோவுக்கு எத்தனை கிலோமீட்டர்?

கரிவலம்வந்தநல்லூர் பஸ் ஸ்டாப்பில் நின்றுகொண்டு ஒருவர் செல்போன் மேப்பில் ‘கேசினோ’ என்று தேடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். சிங்கப்பூரிலிருந்து லீவில் வந்த தம்பியாக இருக்கலாம். காரை எடுத்தால் ராத்திரிக்குள் போய்த் திரும்புகிற தூரத்தில் ஒன்று இருக்குமா என்பது அவர் கேள்வி.

இருக்காது. சங்கரன்கோவிலில் இல்லை, ராஜபாளையத்தில் இல்லை, திருநெல்வேலி, மதுரையில் இல்லை. தமிழ்நாட்டிலேயே இல்லை. சென்னையில் ‘கேசினோ’ என்று ஒன்று உண்டு. அது சினிமா தியேட்டர். கொச்சியில் ‘கேசினோ ஹோட்டல்’ உண்டு. அங்கே மீன் சாப்பிடலாம், சூதாட முடியாது. பெயரை நம்பி வண்டியைக் கிளப்பினால் படம் பார்த்துவிட்டோ மீன் சாப்பிட்டுவிட்டோதான் வரவேண்டும்.

நிஜமான கேசினோ வேண்டுமென்றால் கோவா போகவேண்டும். ரோடு வழியாக ஏறக்குறைய ஆயிரம் கிலோமீட்டர். அங்கே பணஜியில் மாண்டோவி ஆற்றில் கப்பல்களை நிறுத்தி அதற்குள் நடத்துகிறார்கள். இன்னொரு இடம் சிக்கிம், அது இமயமலை. பறவை பறக்கிற கணக்கில் பார்த்தால் கரிவலத்துக்குக் கோவாவைவிடக் கொழும்பு பாதித் தூரம்தான். ஆனால் நடுவில் கடல் இருக்கிறது, பாஸ்போர்ட்டும் வேண்டும்.

இந்த ஊர்களில் கவனிக்கவேண்டிய விஷயம் ஒன்று உண்டு. கேசினோவை அனுமதிக்கிற அரசாங்கங்களே தங்கள் ஊர்க்காரர்களை அதற்குள் விடத் தயங்குகின்றன. கோவாவில் 2020 பிப்ரவரியிலிருந்து கோவாக்காரர்கள் கேசினோவில் சூதாடத் தடை. சிங்கப்பூரில் 2010-ல் மரினா பே, சென்டோசா இரண்டு இடத்திலும் கேசினோ திறந்தபோது, குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் ஒரு நாளைக்கு 100 வெள்ளி நுழைவுக் கட்டணம் வைத்தார்கள். 2019-ல் அதை 150 ஆக்கினார்கள். அதோடு நிற்கவில்லை. கணவர் சூதாட்டத்தில் பணத்தை அழிக்கிறார் என்றால் மனைவி மனுப் போட்டு, அவரைக் கேசினோ வாசலிலேயே தடுத்து நிறுத்த அங்கே வழி இருக்கிறது. பெற்றோரும் பிள்ளைகளும்கூட மனுப் போடலாம். வேலைக்குப் போயிருக்கிற நம்மூர்ப் பிள்ளைகளுக்கு அந்த 150 வெள்ளி கிடையாது, சும்மாவே உள்ளே போகலாம். அது சலுகை மாதிரித் தெரியும். யாருடைய பணம் போனால் அந்த ஊருக்குக் கவலை இல்லை என்று யோசித்தால் வேறு மாதிரித் தெரியும்.

சரி, கரிவலத்துக்கு வருவோம். கேசினோ இல்லை. ஆனால் சட்டப்படி அதிர்ஷ்டத்தை விலை கொடுத்து வாங்குகிற இடம் இரண்டு மணி நேரத் தூரத்தில் இருக்கிறது. சங்கரன்கோவில், புளியங்குடி, கடையநல்லூர், தென்காசி, செங்கோட்டை வழியாகப் போய், புளியரை செக்போஸ்ட் தாண்டி மலையேறினால் ஆரியங்காவு. எழுபது எண்பது கிலோமீட்டர்தான். கேரள எல்லைக்குள் நுழைந்ததும் ரோட்டோரமெல்லாம் லாட்டரிக் கடை. குற்றால சீசனுக்கு வருகிறவர்களில் சிலர் அருவியில் குளித்த ஈரத் தலையோடு அப்படியே எல்லை தாண்டி ஒரு பம்பர் டிக்கெட்டும் வாங்கிக்கொண்டுதான் ஊர் திரும்புகிறார்கள்.

இந்தியாவிலேயே முதலில் அரசு லாட்டரி ஆரம்பித்தது கேரளாதான், 1967-ல். டிக்கெட் ஒரு ரூபாய், முதல் பரிசு 50,000 ரூபாய், முதல் குலுக்கல் 1968 ஜனவரி 26. அதே வருஷம் தமிழ்நாடும் தொடங்கியது. ‘விழுந்தால் வீட்டுக்கு, விழாவிட்டால் நாட்டுக்கு’ என்ற வாசகம் ஐம்பது வயது தாண்டியவர்களுக்கு இன்னும் மறந்திருக்காது. பெட்டிக்கடையில் கயிறு கட்டி, கிளிப் மாட்டித் தொங்கவிட்ட டிக்கெட்டுகளும் அப்படித்தான். 2003 ஜனவரியில் ஜெயலலிதா அரசு தடை கொண்டுவந்ததும் அந்தக் கயிறுகள் அறுந்தன. அதன்பிறகு தமிழ்நாட்டில் லாட்டரி விற்பது குற்றம். கேரளாவில் அதுவே அரசுத் துறை. நடுவில் இருப்பது ஒரு மலைதான்.

அந்த மலையில் நிஜமாகவே பரிசும் விழுந்திருக்கிறது. 2021 ஜனவரியில் கிறிஸ்துமஸ் - புத்தாண்டு பம்பர் 12 கோடி ரூபாய் ஆரியங்காவுப் பக்கம் லாட்டரி விற்றுப் பிழைத்த ஒருவருக்கே விழுந்தது. அவர் ஆசைப்பட்டு வாங்கி வைத்த டிக்கெட் அல்ல. விற்காமல் கையில் மிஞ்சிப்போனது. வாங்காமல் கடந்துபோனவர்கள் எத்தனை பேர் அன்று தலையில் அடித்துக்கொண்டார்களோ! 2023 ஓணம் பம்பர் 25 கோடி, திருப்பூரைச் சேர்ந்த நான்கு பேர் சேர்ந்து வாளையாரில் வாங்கிய டிக்கெட்டுக்கு விழுந்தது. இப்படி ஒரு செய்தி வந்தால் போதும், அடுத்த வாரம் செங்கோட்டை ரோட்டில் வண்டி கூடிவிடும்.

வராத செய்தியையும் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். அந்த ஓணம் பம்பரில் விற்றவை ஏறக்குறைய 75 லட்சம் டிக்கெட்டுகள். 2011 கணக்கெடுப்பின்படி இன்றைய தென்காசி மாவட்டத்தில் உள்ள மக்கள் சுமார் 14 லட்சம் பேர். தொட்டில் குழந்தை முதல் படுத்த படுக்கையாக இருக்கும் தாத்தா வரை மாவட்டத்தில் எல்லார் பேரையும் சீட்டெழுதி ஒரு அண்டாவில் போட்டு, அதேபோல் ஐந்து மாவட்டத்துச் சீட்டையும் ஒன்றாகக் கலந்து, கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுத்தால் அது உங்கள் பேராக இருக்கவேண்டும். முதல் பரிசுக்கான வாய்ப்பு அவ்வளவுதான். டிக்கெட் விலை 500 ரூபாய். விழுந்தாலும் 25 கோடி முழுதாகக் கைக்கு வராது. ஏஜென்ட் கமிஷன் 10 சதவீதம் போக 22.5 கோடி, அதில் 30 சதவீத வரி பிடித்தால் 15.75 கோடி; அதற்கு மேல் சர்சார்ஜும் கட்டவேண்டும்.

கரிவலத்துக்காரர்களுக்குக் கணக்கும் சூதும் புதிதில்லை. 16-ஆம் நூற்றாண்டில் தென்காசியை ஆண்ட அதிவீரராம பாண்டியர்தான் ‘நைடதம்’ பாடியவர். சூதில் நாட்டைத் தோற்று, மனைவி தமயந்தியோடு காட்டுக்குப் போன நளனின் கதை அது. பால்வண்ணநாதரைப் பாடும் திருக்கருவை அந்தாதிகளையும் அவருடையவை என்பார்கள்; வரதுங்கராம பாண்டியர் பாடியவை என்றும் சிலர் சொல்வார்கள். நளன் கதையில் எல்லாருக்கும் ஞாபகம் இருப்பது அவன் தோற்றதுதான். கடைசியில் ஜெயித்ததும் உண்டு. தேரோட்டியாக மாறுவேடத்தில் இருந்தபோது, போகிற போக்கில் ஒரு மரத்தின் இலையையும் காயையும் எண்ணிச் சொல்கிற ராஜாவிடம் கணக்கு வித்தையைக் கற்றுக்கொண்டுதான் அவன் மறுபடி ஆட உட்கார்ந்தான். எண்ணத் தெரியாமல் ஆடியது முதல் ஆட்டம். நம்மில் பெரும்பாலோர் அந்த முதல் ஆட்டத்திலேயே இருக்கிறோம்.

எண்ணிப் பார்த்தால் ஆச்சரியமான ஒன்று தெரியும். கேசினோவின் ரூலெட் சக்கரத்தில் 37 எண்கள். ஒரு எண்ணில் கட்டி ஜெயித்தால் 35 மடங்கு லாபம். பல ஆட்டம் சேர்த்துச் சராசரி பார்த்தால், கட்டுகிற ஒவ்வொரு ஆயிரம் ரூபாயிலும் கடைக்காரன் எடுத்துக்கொள்வது 27 ரூபாய். நம்மூரில் திருட்டுத்தனமாக நடக்கிற மூணு நம்பர் லாட்டரியைப் பாருங்கள். கேரளாவில் மத்தியானம் மூன்று மணிக்குக் குலுக்கல். வருகிற ரிசல்ட்டின் கடைசி மூன்று எண்ணை வைத்து இங்கே துண்டுச்சீட்டு ஓட்டுகிறார்கள். 60 ரூபாய் கட்டினால் 25,000 தருவதாக வைத்துக்கொள்வோம். இருக்கும் எண்கள் 000 முதல் 999 வரை ஆயிரம். ஆயிரம் பேர் ஆளுக்கொரு எண் கட்டினால் வசூல் 60,000. ஜெயித்தவருக்குக் கொடுத்தது போக 35,000 ஏஜென்ட் பையில். அதாவது ஆயிரம் ரூபாய்க்கு 580 ரூபாய்க்கு மேல்! மாண்டோவி ஆற்றுக் கப்பல்காரன்கூட இவ்வளவு கேட்பதில்லை.

ஆடுகிறவர்களும் கப்பலுக்குப் போகிறவர்கள் இல்லை. தறி ஓட்டுகிறவர், தீப்பெட்டி ஆபீஸ் சம்பளம் வாங்குகிறவர், எலுமிச்சை மூட்டை சுமக்கிறவர். 2019 டிசம்பரில் விழுப்புரத்தில் ஒரு நகைத் தொழிலாளியின் குடும்பம், மூன்று பெண் குழந்தைகள் உட்பட ஐந்து உயிர்கள், இந்த மூணு நம்பரால் போயின. அந்த வீட்டிலிருந்து எந்தக் கேசினோவும் பக்கத்தில் இல்லை.

இப்போது புளியரை தாண்டக்கூட வேண்டாம். பஸ் ஸ்டாப்பில் நின்ற தம்பி எந்தப் போனில் தேடினாரோ, அந்தப் போனே கேசினோ ஆகிவிட்டது. ஆயிரம் கிலோமீட்டர், கடல், மலை, 150 வெள்ளிக் கட்டணம் எல்லாம் மனசு மாற நேரம் கொடுத்தன. செங்கோட்டையில் டீ குடிக்கும்போதே ‘வேண்டாம்ப்பா, திரும்பலாம்’ என்று தோன்றலாம். போர்வைக்குள் படுத்துக்கொண்டு ராத்திரி ரெண்டு மணிக்கு ஆடுகிறவனுக்கு அந்த டீக்கடை கிடையாது.

சட்டம் பின்னாலேயே ஓடி வந்துகொண்டிருக்கிறது. தமிழக அரசு 2022-ல் ஆன்லைன் சூதாட்டத் தடைச் சட்டம் கொண்டுவந்தது. 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் சட்டம் செல்லும் என்றது; ரம்மியையும் போக்கரையும் திறமை விளையாட்டு என்று சொல்லி விலக்கியது. 2025 ஆகஸ்டில் மத்திய அரசு, திறமையோ அதிர்ஷ்டமோ, பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டு எல்லாவற்றையும் தடை செய்தது. நடத்துகிறவர்களுக்கு மூன்று வருஷம் வரை சிறை, ஒரு கோடி வரை அபராதம். பெரிய ரம்மி ஆப்கள் அந்த வாரமே பண ஆட்டத்தை நிறுத்தின. வெளிநாட்டிலிருந்து நடத்துகிறவர்களோ டெலிகிராம், வாட்ஸ்அப் வழியாக இன்னும் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

சிங்கப்பூர் மனைவி போடுகிற மனு மாதிரி இங்கே ஒன்று இல்லை. ஆனால் வீட்டில் செய்யக்கூடியது கொஞ்சம் இருக்கிறது. பாஸ்புக்கை மாதம் ஒருமுறை பதிந்து பாருங்கள். ராத்திரி நேரத்தில், முன்பின் தெரியாத பெயர்களுக்கு நூறு, இருநூறு, ஐநூறு என்று அடுத்தடுத்து யுபிஐயில் போயிருந்தால் அது பால் பாக்கெட் செலவு இல்லை. கடன் தெரியவந்ததும் நகையை வைத்து மொத்தமாக அடைத்துவிட்டு, ‘இனி ஆடாதே’ என்று சொல்வதோடு பலர் நிறுத்திக்கொள்கிறார்கள். கடன் தீர்ந்த கை மறுபடி ஆடுகிறது. யுபிஐயின் தினசரி வரம்பைக் குறைப்பதும், சம்பளக் கணக்கைக் கொஞ்ச காலம் வீட்டில் இன்னொருவர் பார்த்துக்கொள்வதும் அதைவிடப் பலன் தரும். அவரே சம்மதித்துச் செய்தால்தான் நிற்கும்.

‘கேரளா லாட்டரி ஆன்லைனில் கிடைக்கும்’ என்று வாட்ஸ்அப்பில் வந்தால் அது மோசடி. கேரள அரசு காகித டிக்கெட்டை மட்டுமே, கேரளாவுக்குள் மட்டுமே விற்கிறது. ‘உங்களுக்குப் பரிசு விழுந்திருக்கிறது, வரியை முதலில் கட்டுங்கள்’ என்று போன் வந்தாலும் அப்படித்தான். நிஜப் பரிசில் வரியைப் பிடித்துக்கொண்டுதான் மீதியைக் கொடுப்பார்கள். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணுக்குப் புகார் சொல்லவேண்டும். ஆட்டத்தை விட முடியாமல் தவிப்பவரும், அவரைப் பார்த்துத் தவிக்கிற வீட்டாரும் 14416-ஐ அழைக்கலாம். அரசின் இலவச மனநல உதவி எண் அது. எந்த நேரமும் தமிழில் பேசலாம், ராத்திரி ரெண்டு மணிக்கும்.