பல்கலைக்கழக நூல்நிலையமும் வெளியிலிருந்து வரும் வாசகனும்

பல்கலைக்கழக நூல்நிலையம் என்றதும் நம்மவர் மனக்கண்ணில் முதலில் தோன்றுவது, பரீட்சைக் காலத்தில் இருக்கைக்கு இடம்பிடிக்கும் மாணவர் கூட்டமேயாகும். தமது குறிப்புக் கொப்பிகளை மேசைமீது பரப்பி, மாலை வரை மனனஞ் செய்துவிட்டு, இறாக்கையிலிருந்து ஒரு நூலைத்தானும் தொடாது எழுந்து செல்வோர் பலர். மின்விசிறியும் அமைதியும் உள்ள ஒரு மண்டபம் என்ற அளவிற்கு மேல் அந்நிலையம் அவர்களுக்குப் பயன்படுவதில்லை. அவர்களை நான் குறைகூற மாட்டேன். விரிவுரைக் குறிப்பே போதும் என்று விடைத்தாள் திருத்துவோர் காட்டிவிட்டால், மாணவன் வேறு என்ன செய்வான்? ஆயினும் நான் ஈண்டு எழுதப் புகுந்தது மாணவரைப் பற்றியன்று. அந்நூல்நிலையத்தின் வாயிலுக்கு வெளியே நிற்கும் ஒருவரைப் பற்றியாகும்.

அவர் ஒரு பள்ளிக்கூட ஆசிரியராக இருக்கலாம். தமது ஊரின் வரலாற்றை எழுத முனைந்து, பழைய கோயில் மலர்களையும் கிராமச் சங்க அறிக்கைகளையும் தேடுபவராக இருக்கலாம். உயர்தர வகுப்புக்குத் தமிழிலக்கியம் கற்பிக்கையில், பாடநூலிலுள்ள பாடம் பிழையோ என ஐயுற்று, முற்பதிப்பு ஒன்றைப் பார்க்க விரும்புபவராக இருக்கலாம். இத்தகையோருக்கு வேண்டியவை ஊர் வாசிகசாலையில் இரா. புத்தகக் கடையிலும் இரா. இருக்குமாயின் அவை பல்கலைக்கழகத்திலேயே இருக்கும். அங்கே செல்ல இவர்களுக்கு உரிமை உண்டா என்பதே கேள்வி.

உண்டு என்பது எனது துணிபு. அதற்குக் காரணம் இரக்கமன்று, சட்டமாகும். 1885ஆம் ஆண்டின் அச்சகத்தார், வெளியீட்டாளர் கட்டளைச் சட்டத்தின்படி, இந்நாட்டில் அச்சாகும் ஒவ்வொரு நூலின் பிரதிகளையும் அச்சகத்தார் அரசுக்கு ஒப்படைத்தல் வேண்டும். 1942இல் கொழும்பில் நிறுவப்பெற்ற இலங்கைப் பல்கலைக்கழகம் 1952இல் பேராதனைக்குப் பெயர்ந்தது. அந்த 1950களின் தொடக்கத்திலிருந்தே அதன் நூல்நிலையமும் அவ்வாறு ஒப்படைக்கப்படும் பிரதிகளுள் ஒன்றைப் பெற்று வருகின்றது. விலைகொடுத்து வாங்கிய நூல் வாங்கியவருக்கு உரியது என்று வாதிடலாம். நாட்டின் அச்சகங்கள் யாவும் சட்டத்துக்குக் கட்டுப்பட்டு இலவசமாகக் கொடுத்த நூல், கொடுத்த நாட்டாருக்கு அல்லாமல் வேறு யாருக்கு உரியது? அதனை வைத்திருக்கும் பல்கலைக்கழகம் அந்நூலுக்குத் தருமகர்த்தாவே அன்றி உடைமையாளன் அன்று.

இவ்வேற்பாட்டின் அருமையை நம்மைவிட நன்கு உணர்ந்தோர் இருக்க முடியாது. 1981ஆம் ஆண்டு யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டபோது ஏறக்குறைய 97,000 நூல்கள் ஓரிரவில் அழிந்தன. ஏட்டுச் சுவடிகளுக்கு மறுபிரதி ஏது? அவை போனவை போனவையே. ஆனால் அச்சிட்ட நூலின் நிலை வேறு. யாழ்ப்பாணத்தில் வெந்துபோன ஒரு சிறு நூலின் மற்றொரு பிரதி, மகாவலிக் கரையிலோ கொழும்பிலோ ஒரு மூலையில் தூசு படிந்து கிடக்குமாயின், அந்நூல் இன்னும் சாகவில்லை. ஒரே நூலைப் பல இடங்களில் வைத்திருத்தல் வீண்செலவு என்று கணக்குப் பார்ப்போர் இதனைச் சற்றுச் சிந்தித்தல் நன்று.

எனினும், கிடப்பது வேறு, கிடைப்பது வேறு. ஒரு நூல் உள்ளதென்று அறியாதவனுக்கு அது இல்லாததே. இங்கேதான் நூலகருடைய உண்மையான தொண்டு தொடங்குகின்றது. இரவல் கொடுப்பதும் திரும்பப் பெறுவதும் தண்டம் அறவிடுவதும் எவரும் செய்யக்கூடிய காரியங்கள். ‘இப்பொருள் பற்றி என்னென்ன உள்ளன?’ என்று ஒருவன் கேட்கும்போது விடை சொல்லுதல் அவ்வளவு எளிதன்று. பேராதனையில் நூலகராக விளங்கிய இயன் குணதிலக்க அக்கேள்விக்கு விடையாகத் தம் வாழ்நாளின் பெரும்பகுதியையே கொடுத்தார். இலங்கை பற்றி மேனாட்டு மொழிகளில் வெளிவந்த நூல்களையும் கட்டுரைகளையும் பொருள்வாரியாகத் தொகுத்து, 1970 முதல் 1983 வரை ஐந்து தொகுதிகளாக அவர் வெளியிட்ட நூற்பட்டியலைத் தொடாமல் இலங்கை வரலாற்றை ஆராய்தல் இன்றும் இயலாது. ஒரு பல்கலைக்கழக நூல்நிலையம் உலகுக்குச் செய்யத்தக்க சேவை யாதெனக் கேட்பார்க்கு நான் சுட்டிக்காட்டுவது இதனையே.

அப்பட்டியல் மேனாட்டு மொழி நூல்களுக்கு உரியது என்பதை மறத்தலாகாது. ஈழத்துத் தமிழ் நூல்களுக்கு அத்தகையதொரு பணியைச் செய்ய முன்வந்தவர் இங்கிலாந்தில் வாழும் நூலகரான என். செல்வராஜா. தொகுதிக்கு ஆயிரம் நூல்களாக ‘நூல்தேட்டம்’ 2002 முதல் வெளிவருகின்றது. 2005இல் தொடங்கிய ‘நூலகம்’ என்னும் இணைய முயற்சியோ, தன்னார்வலரது உழைப்பினால் பல்லாயிரம் ஈழத்து வெளியீடுகளை எவரும் இலவசமாகப் படிக்கத்தக்க வகையில் வைத்துள்ளது. இரண்டும் பாராட்டுக்குரியன. ஆனால் பாராட்டும்போதே உள்ளத்தில் ஒரு நெருடல். கட்டடமும் ஆளணியும் வேதனமும் உடைய பல்கலைக்கழகங்கள் முன்னின்று சுமக்க வேண்டிய பாரத்தைத் தனியொருவரும் சில இளைஞரும் சுமக்கின்றனர் அன்றோ?

வெளியாரை அனுமதித்தால் நூல் களவு போகும், மாணவருக்கு இடமிராது, ஆளணி போதாது என்பார் உளர். இவற்றுள் மூன்றாவதை மாத்திரம் நான் ஏற்பேன். களவைப் பொறுத்தவரை, உசாத்துணை நூல்களை அங்கேயே இருந்து பார்க்கக் கேட்பவன் இரவலுக்குக் கேட்கவில்லை. கிழிந்த பக்கங்களைப் பார்த்தால், அக்கைங்கரியம் பெரும்பாலும் உள்ளிருப்போருடையதே என்பதும் விளங்கும். எனக்குத் தெரிந்த ஓர் ஆசிரியர், ஒரு நூல்நிலையத்தில் 1930களின் பத்திரிகையொன்றைப் பார்ப்பதற்காக மூன்று கடிதங்கள் பெற்றுவர வேண்டியிருந்தது. மூன்றாவது கடிதத்துடன் சென்ற நாளில் அப்பகுதிக்குப் பொறுப்பானவர் விடுமுறையில் இருந்தார். பத்திரிகை அவருடைய அலுமாரியில் பூட்டப்பட்டிருந்தது. பூட்டு எதற்காகப் போடப்பட்டதென்பது காலப்போக்கில் மறந்து, பூட்டைக் காப்பதே தொழிலாகிவிடுகின்றது.

தமிழகத்துச் சீர்காழியிலே பிறந்த எஸ். ஆர். இரங்கநாதன் 1924இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகர் பதவியை ஏற்றபோது, அவர் ஒரு கணித ஆசிரியர். கேட்பாரற்ற நூல்களின் நடுவே சும்மா இருக்கப் பிடிக்காமல் மீண்டும் கற்பிக்கவே போய்விட எண்ணியவர். இங்கிலாந்து சென்று அங்கே நூல்நிலையங்கள் மக்களிடையே இயங்கும் முறையைக் கண்டு திரும்பியபின், இருபது ஆண்டுகள் அப்பணியை விட்டகலவில்லை. நூலுக்குரிய வாசகனைத் தேடிச் சேர்ப்பதும் நூலகரின் கடன் என்பது 1931இல் அவர் வகுத்த ஐந்து விதிகளுள் ஒன்று. வாசகன் வந்து கேட்கட்டும் எனக் காத்திருப்பதை அவர் தொண்டாகக் கொள்ளவில்லை. யாழ்ப்பாணப் பொது நூலகத்தை அமைத்தவர்கள் ஆலோசனை கேட்டதும் அவரிடத்தேதான்.

குற்றம் முழுவதையும் பல்கலைக்கழகங்களின் தலையிலே போடுதல் நீதியன்று. நம்மவர் முந்நூறு பிரதி அச்சிடுவர்; வெளியீட்டு விழா நடத்துவர்; பொன்னாடை போர்ப்பர்; முதற்பிரதி, சிறப்புப் பிரதி என்று வரிசையாக வழங்குவர். சட்டப்படி ஒப்படைக்க வேண்டிய பிரதிகள் போயினவா என்று அச்சகத்தாரைக் கேட்கும் நூலாசிரியர் எத்துணை பேர்? நினைவு மலர்களைப் பற்றி எவரும் எண்ணுவதே இல்லை. அந்தியேட்டியன்று வழங்கப்பெறும், முன்னோர் ‘கல்வெட்டு’ என்றழைத்த அச்சிறு நூல்களில் ஒரு குடும்பத்தின் வழிமுறையும், ஊரின் குறிச்சிப் பெயர்களும், மலாயாவுக்குத் தொழில்தேடிப் போனவர்களின் விபரமும் காணப்படும். சமூக வரலாறு எழுதுபவனுக்கு இவை பொன். நாமோ ஓராண்டு கழியுமுன் பழைய கடதாசிக்காரனிடம் நிறுத்துக் கொடுத்துவிடுகிறோம்.

செய்யத்தக்கவை சில உள. பாடசாலை விடுமுறைகளில் மாணவர் நெரிசல் குறைந்துள்ள நாட்களைப் பார்த்து, ஆசிரியர் அடையாள அட்டை ஒன்றையே போதிய சான்றாகக் கொண்டு உசாத்துணைப் பகுதிகளைத் திறந்துவிடலாம். தபாலிலோ மின்னஞ்சலிலோ வரும் வினாக்களுக்கு விடையிறுக்க, தமிழ் நூற்றொகுதியை அறிந்த ஒருவரை வாரத்தில் ஒரு நாளாவது அமர்த்தலாம். தமிழ்த்துறைகளின் இறுதியாண்டு மாணவர், ஏற்கெனவே நூறு பேர் எழுதிய பொருளிலே நூற்றோராவது ஆய்வுக் கட்டுரை எழுதுவதற்குப் பதிலாக, ஆளுக்கொரு பழைய சஞ்சிகையை எடுத்து அதன் உள்ளடக்கத்துக்கு அகரவரிசை தயாரித்தால் அதற்கே பட்டத்துக்குரிய புள்ளி வழங்கலாம். மாணவனும் அப்போதாவது இறாக்கையிலிருந்து ஒன்றைக் கையிலெடுப்பான். எம் போன்ற ஆசிரியரும் எழுத்தாளரும், வீட்டு அலுமாரியில் உள்ள மலர்களையும் பாடசாலைச் சஞ்சிகைகளையும் கறையான் அரிக்குமுன் பொதிசெய்து, அண்மையிலுள்ள பல்கலைக்கழக நூலகருக்கு அனுப்பி வைக்கலாம். எவை எவை அனுப்பினோம் என்பதற்கு ஒரு பட்டியலை மட்டும் கையில் வைத்துக்கொள்வது நல்லது. ஆறு மாதம் கழித்து நேரிற் சென்று, அவற்றைப் பார்க்கலாமா என்று கேட்க அது உதவும்.