கருங்கோழிக் குஞ்சு வாங்கப் போகிறீர்களா? நிறத்தை மட்டும் நம்பாதீர்கள்

வாலாஜாபாத், உத்திரமேரூர் பக்கம் கொட்டகை போட்டு நாட்டுக்கோழி வளர்ப்பவரா நீங்கள்? அப்படியானால் கடக்நாத் என்கிற கருங்கோழிக் குஞ்சு விளம்பரம் உங்கள் கைப்பேசிக்கும் வந்திருக்கும். சாதாரண நாட்டுக்கோழிக் குஞ்சைவிடக் கூடுதல் விலை சொல்வார்கள். கேட்டால், "புவிசார் குறியீடு வாங்கிய இனம்" என்பார்கள்.

குறியீடு இருப்பது உண்மை. ஆனால் 2018-ல் அது கொடுக்கப்பட்டது மத்தியப் பிரதேசத்தின் ஜாபுவா பகுதிக் கருங்கோழி இறைச்சிக்கு. இங்கே ஒரு பொரிப்பகத்தில் பெட்டி கட்டித் தரும் குஞ்சுக்கு அது எந்தச் சான்றும் ஆகாது. காஞ்சிபுரத்துக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நம் பட்டுக்கும்தான் குறியீடு இருக்கிறது. அதற்காகக் கலப்புப் பட்டு விற்காமலா போய்விட்டது? பட்டையாவது இழை பிரித்து எரித்துப் பார்க்கலாம். ஒருநாள் குஞ்சை என்ன செய்து பார்ப்பது?

சிக்கலே அங்கேதான். தோலையும் சதையையும் கறுப்பாக்கும் மரபணு ஓங்கு தன்மை கொண்டது. தாய், தகப்பன் இரண்டில் ஒன்று மட்டும் சுத்தக் கருங்கோழியாக இருந்தாலே குஞ்சில் கறுப்பு வந்துவிடும். கருங்கோழிச் சேவலை வெளிர்கால் பெட்டையோடு சேர்த்தால் பெட்டைக் குஞ்சுகள் நல்ல கறுப்பாகவும், சேவல் குஞ்சுகள் சற்று மங்கலாகவும் வரும். தாய் கருங்கால் நாட்டுக்கோழியாக இருந்துவிட்டால் அந்த வித்தியாசமும் கண்ணுக்குத் தெரியாது.

கறிக்கு மட்டும் வளர்ப்பவருக்கு இதனால் பெரிய நஷ்டமில்லை. அடிபடுவது, தாய்க்கோழிக்கு என்று வாங்கி, முட்டையும் குஞ்சும் விற்க நினைப்பவர்தான். கலப்புக் குஞ்சுகளை வளர்த்து ஒன்றோடொன்று சேர்த்தால், சராசரியாக நான்கில் ஒரு குஞ்சு கறுப்பே இல்லாமல் பொரியும். அதற்குள் ஒரு வருடத் தீவனம் போயிருக்கும். உங்களிடம் குஞ்சு வாங்கியவர் உங்களைத்தான் ஏமாற்றுக்காரர் என்பார்.

கலப்பினமே கூடாது என்று சொல்லவில்லை. இசத்நகரில் உள்ள மத்திய பறவைகள் ஆராய்ச்சி நிறுவனம் கடக்நாத்தைக் கலந்து 'கேரி ஷ்யாமா' என்ற புறக்கடைக் கோழியை உருவாக்கியிருக்கிறது. அதற்குத் தனிப் பெயர் இருக்கிறது, அந்தப் பெயரிலேயே கொடுக்கிறார்கள். கலப்பைச் சுத்தம் என்று சொல்லி, சுத்தத்தின் விலையை வாங்குவதுதான் தவறு.

ஆகவே குஞ்சைப் பார்ப்பதைவிடத் தாய்க்கூட்டத்தைப் பாருங்கள். காட்ட மறுக்கும் பொரிப்பகத்தில் வாங்காதீர்கள். வளர்ந்த பறவையின் வாயைத் திறந்து நாக்கைப் பாருங்கள்; கொண்டை, கால், அலகு எல்லாம் கறுமை படர்ந்திருக்க வேண்டும். செக்கச் சிவந்த கொண்டை நிறையத் தெரிந்தால் யோசியுங்கள். சேவல் எத்தனை என்று எண்ணுங்கள். எட்டுப் பத்துப் பெட்டைக்கு ஒரு சேவல் வேண்டும். இரண்டு மூன்று சேவலை வைத்தே வருடக்கணக்கில் ஓட்டினால் உறவுக்குள்ளேயே இனச்சேர்க்கை நடந்து, பொரிப்புத்திறனும் குஞ்சின் தெம்பும் குறையும்.

அவர்கள் சொல்லும் கணக்கும் காட்டிக்கொடுக்கும். சுத்தக் கடக்நாத் மெதுவாக வளரும் கோழி. ஒன்றேகால் கிலோவைத் தொட ஏறத்தாழ ஐந்து மாதம் ஆகும். ஆண்டுக்கு 80 முதல் 105 முட்டை வரை இடும், அடை காப்பதில் மந்தம். "மூன்று மாதத்தில் ஒன்றரைக் கிலோ, வருடம் 180 முட்டை" என்று ஒருவர் அடித்துச் சொன்னால், அவர் கையில் இருப்பது வேறு கோழி.

"நாங்களே திரும்ப வாங்கிக்கொள்கிறோம்" என்ற பேச்சுக்கும் மயங்க வேண்டாம். 2012-ல் பெருந்துறை ஈமு பண்ணைகளில் பணம் போட்டவர்களுக்கு நேர்ந்தது நமக்குத் தெரியும். 2019-ல் மகாராஷ்டிரத்தின் சாங்லி பகுதியில் இதே கடக்நாத்தை வைத்து இதே கதை நடந்தது.

நோய் பற்றி இரண்டு கேள்வி கேளுங்கள். புல்லோரம் நோய் தாயிடமிருந்து முட்டை வழியாகவே குஞ்சுக்கு வரும். தாய்க்கோழிகளுக்கு அதற்கான ரத்தப் பரிசோதனை செய்தார்களா? மேரக்ஸ் தடுப்பூசியைப் பொரித்த அன்றே போட வேண்டும், போட்டார்களா? ஏழாம் நாள் லசோட்டா சொட்டு மருந்து நீங்கள் கொடுக்க வேண்டியது. அட்டவணையில் சந்தேகம் இருந்தால் காட்டுப்பாக்கம் வேளாண் அறிவியல் நிலையத்தில் கேட்டுக்கொள்ளலாம்.

முதலில் 30 குஞ்சு போதும். ரசீதில் 'சுத்த கடக்நாத், இனப்பெருக்கத்துக்கு' என்று எழுதி வாங்குங்கள். ஐந்து மாதம் வளர்த்து, எடை போட்டு, நாக்கையும் பார்த்த பிறகு அடுத்த 300-க்கு முன்பணம் கொடுங்கள்.