ரிட்டையர் ஆகப் போகிறீர்களா? வாடகை வீட்டை விற்க அவசரம் வேண்டாம்!

ரிட்டையர் ஆக இன்னும் ஒரு வருஷம்தான் பாக்கி என்றால், அதை முதலில் மோப்பம் பிடிப்பவர் யார் தெரியுமா? மகன் அல்ல. மருமகனும் அல்ல. வீட்டுப் புரோக்கர்!

"சார், அந்த வாடகை வீட்டை வச்சுக்கிட்டு என்ன பண்ணப் போறீங்க? நல்ல பார்ட்டி இருக்கு. கைமேல காசு!"

கள்ளக்குறிச்சி டீக்கடைகளில் இது சகஜமான பேச்சு. 2019 நவம்பர் 26-ல் விழுப்புரத்தில் இருந்து பிரிந்து ஊர் மாவட்டத் தலைநகர் ஆனது. 2022 ஜனவரியில் அரசு மருத்துவக் கல்லூரி திறந்தார்கள். ஆபீசர், டாக்டர், நர்ஸ் என்று குடி வந்தவர்கள் ஏராளம். வாடகை ஏறியது. மனை விலையும் ஏறியது. புரோக்கர்களும் பெருகினார்கள்!

விற்பதா, வைத்துக் கொள்வதா? முதலில் கணக்கைப் பார்ப்போம்.

2005-ல் 5 லட்சத்துக்கு வாங்கிய வீடு, இன்று 40 லட்சத்துக்குக் கேட்கிறார்கள் என்று வையுங்கள். மாத வாடகை 10 ஆயிரம். வீட்டு வரி, வெள்ளையடிப்பு, மோட்டார் ரிப்பேர், குடி மாறும்போது ஒரு மாதம் காலி, எல்லாம் போக வருஷத்துக்கு 1 லட்சம் தேறினால் பெரிசு. 40 லட்சம் சொத்துக்கு 1 லட்சம். நூற்றுக்கு இரண்டரை ரூபாய்தான்!

விற்றால்? லாபம் 35 லட்சம். 2024 ஜூலை 23-க்கு முன்பு வாங்கிய வீடு என்பதால், லாபத்தில் 12.5 சதவீதம் வரி, அல்லது விலைவாசி ஏற்றத்தைக் கழித்துக் கொண்டு 20 சதவீதம், எது குறைவோ அதைக் கட்டலாம். இந்தக் கணக்கில் முதல் வழிதான் லாபம். வரி 4 லட்சத்து 37 ஆயிரத்து 500. செஸ் தனி. கையில் நிற்பது சுமார் 35 லட்சம்.

அதில் 30 லட்சத்தைத் தபால் ஆபீசில் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் போடலாம். ஒருவருக்கு அதுதான் உச்சவரம்பு. 2023 ஏப்ரலில் அமலுக்கு வந்த 8.2 சதவீத வட்டிப்படி மூன்று மாதத்துக்கு ஒருமுறை 61 ஆயிரத்து 500 வரும். மாதம் 20 ஆயிரத்து 500. வாடகையைப் போல இரண்டு பங்கு!

அப்புறம் என்ன, வித்துட வேண்டியதுதானே என்கிறீர்களா? கொஞ்சம் நில்லுங்கள்.

அந்த வட்டி 5 வருஷத்துக்கு அப்படியே நிற்கும். வாடகை நிற்காது, ஏறும். பத்து வருஷம் கழித்து 20 ஆயிரத்து 500-க்கு எத்தனை மூட்டை அரிசி வரும் என்று வீட்டுக்கார அம்மாவைக் கேளுங்கள், சரியாகச் சொல்வார்.

இன்னொரு சங்கதி இருக்கிறது. போலீஸ் ஸ்டேஷன், கோர்ட் என்று சுற்றுகிறவன் என்ற முறையில் சொல்கிறேன். வீட்டை எவனும் தூக்கிக் கொண்டு ஓட முடியாது. பணத்தை?

ஆருத்ரா கோல்டு விவகாரம் ஞாபகம் இருக்கிறதா? மாதம் 25, 30 சதவீதம் வட்டி என்று ஆசை காட்டி, சுமார் 1 லட்சம் பேரிடம் 2,400 கோடிக்கு மேல் வசூலித்ததாக 2022-ல் பொருளாதாரக் குற்றப்பிரிவு வழக்குப் போட்டது. மொத்தமாகப் பணம் வைத்திருக்கும் பெரியவர்கள்தான் இப்படிப்பட்டவர்களுக்குக் கண்கண்ட வாடிக்கை. வீடு வாடகையில் இருக்கும்வரை இந்த ஆசாமிகள் வாசலை மிதிக்க மாட்டார்கள்.

வெளியாள் மட்டுமா? திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் வாசலுக்குப் போய்ப் பாருங்கள். "மகனுக்கு எழுதிக் கொடுத்தேன், சோறு போட மாட்டேங்கிறான்" என்று மனுவோடு நிற்கும் பெரியவர்களைப் பார்க்கலாம். பெற்றோர் பராமரிப்புச் சட்டம் 2007-லேயே வந்துவிட்டது. கடைசிவரை கவனிப்பேன் என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதியிருந்தால், ஆர்.டி.ஓ.விடம் மனுக் கொடுத்து ரத்து செய்ய வழி உண்டு. எத்தனை அப்பாக்கள் அப்படி எழுதுகிறார்கள்? பாசம் எழுத விடாது!

மலை மோகம் வேறு இப்போது புதுசாய்க் கிளம்பியிருக்கிறது. டவுன் வீட்டை விற்று, கல்வராயன் மலையில் வெள்ளிமலைப் பக்கம் ஏக்கர் கணக்கில் நிலம் வாங்கி, குளுகுளுவென்று காலம் தள்ளலாம் என்ற யோசனை. இதில்தான் எனக்குப் பயம் அதிகம். 1976 வரை ஜாகீர்தார்கள் கையில் இருந்த மலை அது. பட்டாவுக்காக மலைவாழ் மக்களே அலைகிறார்கள். 2024 கள்ளச்சாராய சாவுகளுக்குப் பிறகு சென்னை ஐகோர்ட்டே தானாக முன்வந்து மலை மக்களின் நிலையை விசாரணைக்கு எடுத்தது. 2006 வன உரிமைச் சட்டப்படி கொடுத்த நிலம் வாரிசுக்குப் போகும், ஆனால் விற்க முடியாது. அதை "பேப்பர் கிளியர் சார்" என்று ஒருவர் விற்கிறார் என்றால், அவர் விற்பது நிலத்தை அல்ல, உங்களை!

சரி, யார்தான் விற்கலாம்?

பென்ஷன் வருகிறவர், வீடு உள்ளூரில், குடித்தனக்காரர் ஒழுங்கு என்றால் விற்காதீர்கள் என்பேன். பென்ஷனே இல்லாத கடைக்காரர், தனியார் கம்பெனி குமாஸ்தா, இரண்டாவது வீடு ஒன்றுதான் ஆஸ்தி, மருந்துச் செலவு கழுத்தை நெரிக்கிறது என்றால் தாராளமாக விற்கலாம். மகனோடு பெங்களூர் போய்விட்டு, இங்கே வீட்டைப் பூட்டிப் போட்டிருப்பவரும் விற்பதே மேல். ஆளில்லாத வீட்டுக்குத்தான் போலிப் பத்திரக் கும்பல் குறி வைக்கும்.

வைத்துக் கொள்கிறவர்கள், பழைய 11 மாத அக்ரிமெண்ட் போதும் என்று இருக்காதீர்கள். 2019 பிப்ரவரி 22-ல் அமலுக்கு வந்த புதிய வாடகைச் சட்டப்படி, எத்தனை மாதமானாலும் எழுத்தில் ஒப்பந்தம் வேண்டும். அதை வாடகை அதிகாரியிடம் பதியவும் வேண்டும். பதியாமல் விட்டுவிட்டுக் குடித்தனக்காரரோடு சண்டை என்று ஸ்டேஷனுக்கு ஓடினால், ஏட்டய்யா "இது சிவில் மேட்டர், போங்க" என்பார்.

விற்கிறவர்கள் வில்லங்கம் போட்டுப் பார்த்து, பூர்வீகச் சொத்தானால் மகள்களிடமும் கையெழுத்து வாங்குங்கள். தமிழ்நாட்டில் 1989-லேயே பெண்ணுக்குச் சம பங்கு வந்தாச்சு. முக்கியமாக, "கைடுலைன் மதிப்புக்குப் பத்திரம், பாக்கி ரொக்கம்" என்ற பேச்சுக்கு மட்டும் தலையாட்டாதீர்கள். 2015 ஜூன் முதல், சொத்து விற்பனையில் 20 ஆயிரமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக் கூடாது. வாங்கினால், வாங்கிய தொகை அளவுக்கே அபராதம் வரலாம். அதைக் கட்ட வேண்டியது விற்றவர்தான். புரோக்கர் அல்ல.