36 நாள்களின் ‘ஆண்டுச் சராசரி’

ஆய்வு முறையியல் பற்றிய ஒரு கலந்துரையாடலில் அண்மையில் ஒரு கோரிக்கை வைத்தேன்: மேகக் கணிமைத் தரவுத்தளத்திலிருந்து தரவைப் பெறுவோர், கடைசிப் பக்கம் வரை பெற்றார்களா என்பதை ஆய்வேட்டிலேயே பதிவுசெய்ய வேண்டும். மூத்த பேராசிரியர் ஒருவர் புன்னகையுடன் மறுத்தார்: “அது புரோகிராமர் பார்க்க வேண்டிய வேலை. ஆய்வுக்கும் அதற்கும் என்ன தொடர்பு?” அவையும் சிரித்தது. என் மறுமொழி இது.

வட இந்திய நகரமொன்றின் காற்றுத்தர உணரிகள் 10 நிமிடத்துக்கு ஒருமுறை அனுப்பும் அளவீடுகளே என் தரவு. ஒரு பதிவு ஏறத்தாழ 200 பைட். அவை அமேசானின் டைனமோடிபியில், உணரி எண்ணின்கீழ் நேர வரிசையில் அடுக்கப்பட்டிருந்தன. ஓர் உணரியின் ஓராண்டுப் பதிவுகளை ஒரே வினவலில் கேட்டேன். வந்தவற்றின் சராசரியைக் கணக்கிட்டு, ‘ஆண்டுச் சராசரி’ எனக் கட்டுரையில் எழுதினேன்.

டைனமோடிபி ஒரு வினவலுக்கு ஒரு தடவையில் 1 மெகாபைட்டுக்கு மேல் படித்துத் தராது. என் கணக்கில் அது சுமார் 5,200 பதிவுகள், அதாவது 36 நாள்கள். பழையவை முதலில் வரும் என்பதால் எனக்குக் கிடைத்தது ஜனவரி 1 முதல் பிப்ரவரி முதல் வாரம் வரையிலான பனிமூட்டமும் புகையும் மட்டுமே. மழைக்காலத்தின் ஒரு துளிகூட அதில் இல்லை. பிழைச்செய்தி ஏதும் எழவில்லை. எழவும் எழாது, ஏனெனில் தரவுத்தளம் பிழை செய்யவில்லை. ‘லாஸ்ட்எவாலுவேட்டட்கீ’ என்ற குறிப்பைச் சேர்த்தே அனுப்பியிருந்தது: இங்கே நிறுத்தியிருக்கிறேன், தொடர வேண்டுமானால் இங்கிருந்து கேள் என்று. நான்தான் பார்க்கவில்லை. இது புரோகிராமரின் வேலை என்றால், தவறான அந்த முடிவு எவருடையது?

“இப்போது நூலகங்களே பக்கங்களைத் தொடர்ந்து எடுத்துத் தருகின்றனவே” என்பர். உண்மைதான். ஒத்திசைவற்ற ஓடையாகப் பெறும்போது, ஒரு பக்கத்துக்காகக் காத்திருக்கும் நேரத்தில் நிரல் வேறு வேலையைக் கவனிக்கலாம். வந்த பக்கத்தைக் கணக்கிட்டுவிட்டு நினைவகத்திலிருந்து நீக்கலாம். பைத்தான் 3.6 முதலே இதற்கான ஒத்திசைவற்ற ஜெனரேட்டர்கள் உள்ளன. பயன்படுத்துங்கள், நானும் பயன்படுத்துகிறேன். ஆனால் பக்கங்கள் கண்ணுக்கு மறைந்தவுடன் அவற்றைப் பற்றிய கேள்விகளும் மறைந்துவிடுகின்றன. வடிகட்டி நிபந்தனை, பக்கத்தைப் படித்த பின்னரே செயல்படும். ஆகவே ஒரு பதிவும் இல்லாத பக்கம் நடுவிலேயே வரலாம். அதை முடிவென்று கருதி நிறுத்திய நிரல்களைக் கண்டிருக்கிறேன். ஆறாம் பக்கத்தில் இணைப்பு அறுந்து, அந்தப் பிழையை நிரல் விழுங்கிவிட்டால், பாதி ஓடை முழு ஓடையாகவே தோன்றும். ஓடை வந்துகொண்டிருக்கும்போதே தரவுத்தளத்தில் எழுதுதலும் நடக்கிறது. எனவே கிடைப்பது ஒரு கணத்தின் படமன்று. அது தேவையெனில், குறித்த நேரத்து நிலையை எஸ்3-க்கு ஏற்றுமதி செய்யும் வசதி உண்டு. (ஒத்திசைவற்ற முறை பக்கங்களை ஒரே நேரத்தில் கொண்டுவரும் என்பதும் மயக்கமே. அடுத்த பக்கத்தின் திறவுகோல் முந்தைய பக்கத்தோடுதான் வருகிறது. இணையாகப் பெற, உணரிவாரியாகத் தனித்தனியே வினவ வேண்டும்.)

வெப்பமானி எப்போது சீர்செய்யப்பட்டது என்று கேட்கும் மதிப்பீட்டாளர், தரவு எவ்வழி வந்தது என்று கேட்பதில்லை. புள்ளியியல் மதிப்பை மூன்றாம் தசமம்வரை துருவுவோர், எதிர்பார்த்த 52,560 பதிவுகளில் எத்தனை கைக்கு வந்தன என்று ஒருமுறை வினவியிருந்தால் என் கட்டுரை அன்றே திரும்பியிருக்கும். நான் கேட்பது இரண்டே வரி: எத்தனை பக்கங்கள், எத்தனை பதிவுகள், கடைசிப் பக்கம் தொடர்குறிப்பு இல்லாமல் முடிந்ததா.

என் கட்டுரைக்கான திருத்தத்தை அனுப்பிவிட்டேன். அந்த உணரியின் ஓராண்டு 11 பக்கங்கள்.