தக்பீருக்கும் துதிபாடலுக்கும் நடுவே: ஸூபித்துவத்தைக் கற்பது ஏன் அவசியம்?

இலங்கை முஸ்லிம் சமூகத்தில் ஸூபித்துவம் என்ற சொல் எழுந்தவுடனேயே பேச்சு இரண்டு பக்கமாகப் பிரிந்துவிடுகிறது. ஒரு தரப்பு அதனை முழுக்க முழுக்க பித்அத் என்றும் ஷிர்க் என்றும் ஒதுக்கிவிடுகிறது. மறு தரப்போ, தமது ஷெய்குமார் பற்றிய எந்தக் கேள்வியையும் அவமரியாதையாகவே எடுத்துக்கொள்கிறது. மவ்லித், ராத்திபு, கந்தூரி, ஸியாரத் என்பன கூடுமா கூடாதா என்று பல தசாப்தங்களாக மேடை போட்டு வாதிட்ட நாம், அவை எப்போது, யார் மூலம், எந்தச் சூழலில் இந்த மண்ணில் வேரூன்றின என்று நிதானமாகக் கேட்டது மிகவும் குறைவு.

இதற்கு நாம் கொடுத்த விலை சிறியதல்ல. காத்தான்குடியில் 2004ஆம் ஆண்டிலும் 2006ஆம் ஆண்டிலும் ஸூபி பிரிவினருக்கு எதிராக வன்முறைகள் இடம்பெற்றன. ஒரு மனிதரின் ஜனாஸாவை எங்கே அடக்குவது என்பதே ஊரைப் பற்றவைக்கும் பிரச்சினையாக மாறியது. 2017 மார்ச்சில் காத்தான்குடி அலியார் சந்தியில் ஸஹ்ரானின் குழுவினருக்கும் ஒரு ஸூபி பிரிவினருக்கும் இடையே நடந்த மோதலுக்குப் பின்னரே அவர் தலைமறைவானார். அதன் பின்னர் 2019 ஏப்ரல் 21இல் நடந்ததை நாடே அறியும். உயிர்த்த ஞாயிறு தாக்குதலை உள்வீட்டுச் சச்சரவு ஒன்றுக்குள் மட்டும் அடக்கி விளக்க முடியாது. தௌஹீத் சிந்தனை கொண்ட பெரும்பாலான சகோதரர்கள் அந்த வன்முறையை வெறுத்தவர்கள் என்பதையும் மறக்கக் கூடாது. ஆனாலும், சக முஸ்லிமைக் காபிர் என்று அழைப்பது சாதாரணமாகிப்போன ஒரு சூழலில்தான் அந்த விஷச் செடி முளைத்தது என்பதை மறுக்கவும் முடியாது.

ஸூபித்துவம் பற்றிய கல்விசார் ஆய்வு இங்கேதான் முக்கியம் பெறுகிறது. ஒரு பல்கலைக்கழக ஆய்வாளர் பத்வா கொடுப்பதில்லை. முரீதாகச் சேருமாறு யாரையும் அழைப்பதுமில்லை. ஒரு நூல் உண்மையில் யாருடையது, ஒரு ஸில்ஸிலா எவ்வாறு உருவானது, ஒரு தைக்காவை யார் கட்டினார்கள், ஒரு சொல் மூன்றாம் நூற்றாண்டு பக்தாதில் எந்தப் பொருளில் வழங்கியது, இன்று எந்தப் பொருளில் வழங்குகிறது என்பனவே அவரது கேள்விகள். இக்கேள்விகளுக்கு விடை தெரியாமல் தரப்படும் மார்க்கத் தீர்ப்பு எந்தத் தரப்பிலிருந்து வந்தாலும் பலவீனமானதே.

இது மேற்கத்தேயர்களின் சதி, கீழைத்தேயவாதிகளின் வேலை என்று சிலர் கூறுவதுண்டு. நிக்கல்ஸன் 1925 முதல் 1940 வரையான காலப்பகுதியில் மவ்லானா ரூமியின் மஸ்னவியைப் பதிப்பித்து மொழிபெயர்த்ததும், மஸின்யோன் ஹல்லாஜ் பற்றி வாழ்நாள் முழுவதும் ஆராய்ந்ததும் உண்மைதான். அவர்களது முடிவுகள் சில பின்னர் கடுமையாக விமர்சிக்கப்பட்டன. ஆனால், இத்துறை அவர்களோடு நின்றுவிடவில்லை. எகிப்தின் அபுல் அலா அபீபீ, கேம்பிரிட்ஜில் நிக்கல்ஸனிடம் இப்னு அரபீ பற்றி ஆய்வு செய்து, பின்னர் புஸூஸுல் ஹிகமைச் செம்பதிப்பாக வெளியிட்டார். பாரிஸில் இமாம் ஹாரிஸ் அல்முஹாஸிபீ பற்றிக் கலாநிதிப் பட்ட ஆய்வு செய்த அப்துல் ஹலீம் மஹ்மூத், 1973இல் அல்அஸ்ஹரின் ஷெய்காகவே ஆனார். ஆய்வு முறையைக் கற்றதால் அவர்கள் தமது தீனை இழந்துவிடவில்லை.

கல்விசார் ஆய்வு இரு தரப்பினரின் வசதியான நம்பிக்கைகளையும் அசைக்கக்கூடியது. ஸூபித்துவத்தின் முதல் எதிரி என்று நம்மில் பலர் கருதும் இமாம் இப்னு தைமிய்யா, ஜுனைதுல் பக்தாதியைப் புகழ்ந்திருக்கிறார். ஷெய்கு அப்துல் காதிர் ஜீலானியின் புதூஹுல் கைபுக்கு விளக்கவுரையும் எழுதியிருக்கிறார். அவரது மாணவர் இப்னுல் கையிமின் மதாரிஜுஸ் ஸாலிகீன், ஹிராத் நகரின் ஸூபி அறிஞர் அப்துல்லாஹ் அல்அன்ஸாரி எழுதிய மனாஸிலுஸ் ஸாயிரீனின் விரிவுரையாகும். பல இடங்களில் அவர் அன்ஸாரியை மறுக்கிறார். ஆயினும் ஆசிரியருக்குரிய கண்ணியத்தைக் கைவிடவில்லை. அன்ஸாரியும் ஜீலானியும் ஹன்பலி மத்ஹபினர் என்பதும் கவனிக்கத்தக்கது. பேருவளையில் தரீக்கா பாரம்பரியத்தில் வந்த புஹாரித் தக்கியாவில் நூறாண்டுக்கும் மேலாக ஸஹீஹுல் புஹாரி ஓதப்பட்டு வருகிறது. ஹதீஸ் ஒரு தரப்புக்கும் தஸவ்வுப் மறு தரப்புக்கும் சொந்தம் என்ற பிரிவினையை வரலாறு ஏற்பதில்லை.

மறுபுறம், ஸூபிகள் என்றால் எப்போதும் சாதுவானவர்கள், அரசியலில் தலையிடாதவர்கள் என்ற சித்திரமும் உண்மையல்ல. அல்ஜீரியாவில் பிரெஞ்சுப் படைகளை எதிர்த்த அமீர் அப்துல் காதிர், காகசஸில் ரஷ்யாவை எதிர்த்த இமாம் ஷாமில், லிபியாவில் இத்தாலியரால் 1931இல் தூக்கிலிடப்பட்ட உமர் முக்தார் ஆகிய மூவரும் தரீக்காக்களில் வளர்ந்தவர்கள். 2007இல் அமெரிக்காவின் ரேண்ட் நிறுவனம் வெளியிட்ட அறிக்கை, ஸூபிகளை மேற்குலகின் இயல்பான பங்காளிகளாகக் கண்டது. 2019க்குப் பின்னர் நமது நாட்டிலும் 'நல்ல ஸூபி, கெட்ட வஹ்ஹாபி' என்ற பிரிப்பு ஊடகங்களிலும் அரசியல் மேடைகளிலும் தாராளமாகப் புழங்கியது. அதிலே மகிழ்ந்த தரீக்காவினரும் இருந்தனர். பாதுகாப்புத் தரப்பு வழங்கும் நற்சான்றிதழில் ஓர் ஆன்மிக மரபு வாழ முடியாது. இன்று நல்லவர் என்று பெயரிடுபவர், நாளை அப்பெயரை மாற்றவும் கூடும்.

கூரகல விவகாரம் இதற்கு நல்ல உதாரணம். பலாங்கொடைக்கு அருகிலுள்ள தப்தர் ஜெய்லானி, ஷெய்கு அப்துல் காதிர் ஜீலானியின் நினைவோடு பிணைந்த யாத்திரைத் தலம். அதே மலையில் புராதன பௌத்தத் துறவிகளோடு தொடர்புடைய பிராமிக் கல்வெட்டுகளும் உள்ளன. பேரினவாத அழுத்தத்தின் மத்தியில் 2013இல் அங்கிருந்த கட்டடங்கள் சில அகற்றப்பட்டபோது, அத்தலத்தின் முஸ்லிம் வரலாற்றைச் சொல்ல நம் கையில் இருந்த நூல்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. மர்ஹூம் எம்.எல்.எம். அபூசாலி எழுதிய நூலும், அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மெக்கில்வ்ரேயின் ஆய்வும் அவற்றில் முக்கியமானவை. ஸூபி மரபை மதிக்காதவருக்கும் இங்கே ஒரு செய்தி உண்டு. ஸியாரங்கள் கூடாது என்று கருதுபவரும், இத்தீவில் தம் மூதாதையரின் இருப்புக்கான சான்றுகளை அவற்றிலேதான் தேட வேண்டியிருக்கும்.

கல்முனைக்குடி கடற்கரைப் பள்ளிவாசலின் கொடியேற்றம் நாகூர் ஷாஹுல் ஹமீது வலியுல்லாஹ்வின் நினைவை இக்கரையோடு இணைக்கிறது. கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிமின் அரபுத்தமிழ் நூல்கள் இங்குள்ள வீடுகளிலும் ஓதப்பட்டன. யாழ்ப்பாணத்தில் தமிழில் உபதேசித்த பாவா முஹையத்தீன் 1971இல் பிலடெல்பியாவுக்குச் சென்றார். அவரைப் பற்றிய ஆய்வுகளில் முக்கியமானவை ஆங்கிலத்திலேயே உள்ளன. கலாநிதி ம.மு. உவைஸ் இஸ்லாமியத் தமிழ் இலக்கியத்தைப் பல்கலைக்கழகப் பாடமாக நிலைநிறுத்தியதுபோல, தரீக்காக்களின் வரலாற்றுக்கும் ஒரு தலைமுறை ஆய்வாளர்கள் தேவை.

நவீன வாழ்வுக்கு இவற்றால் என்ன பயன் என்று ஓர் இளைஞர் கேட்டால் அது நியாயமான கேள்வியே. அல்முஹாஸிபீ என்ற பெயரே தன்னைத் தான் கணக்குக் கேட்பதிலிருந்து வந்தது. முகஸ்துதி, தற்பெருமை, பொறாமை ஆகியன உள்ளத்தில் எவ்வாறு நுழைகின்றன, எவ்வாறு வணக்கத்தின் வேடத்தையே அணிந்துகொள்கின்றன என்று ஒன்பதாம் நூற்றாண்டிலேயே அவர் நுணுக்கமாக எழுதினார். 2022இன் பொருளாதார நெருக்கடியில் உலர் உணவுப் பொதியைக் கொடுக்கும் கையையும் வாங்கும் முகத்தையும் படம்பிடித்து முகநூலில் போட்ட காட்சிகளை நினைத்துப் பாருங்கள். உம்ராவிலிருந்தே நேரலை செய்யும் காலம் இது. ரியா பற்றிய அந்தப் பழைய ஆய்வு பழையதாகவா தெரிகிறது?

இமாம் கஸ்ஸாலியின் இஹ்யாவும் அப்படியே. அதன் நாற்பது கிதாபுகளில் பத்து, மனிதனை அழிக்கும் குணங்களைப் பற்றியவை. சூடான் உளவியலாளர் மாலிக் பத்ரி, கஸ்ஸாலி, இப்னுல் கையிம் ஆகிய இருவரிடமிருந்தும் தபக்குர் எனும் சிந்தனைப் பயிற்சியை எடுத்து நவீன உளவியலோடு உரையாட வைத்தார். மன அழுத்தத்துக்கு மருத்துவரை நாட வேண்டிய இடத்தில் நாடத்தான் வேண்டும். திக்ர் மஜ்லிஸ் அதற்கு மாற்றீடல்ல. ஆனால், பேராசைக்கும் வெறுமைக்கும் வெறுப்புக்கும் பெயர் வைத்து, அவற்றைப் படிப்படியாகக் கையாளும் ஒரு மரபு நம்மிடம் இருக்கும்போது, அதனைச் சந்தைச் சரக்காக வரும் சுயமுன்னேற்ற நூல்களில் தேடுவது வீண். குர்ஆனையும் பிக்ஹையும் கழற்றிவிட்டு ரூமியை வெறும் காதல் வாசகங்களாக விற்பதும் இதே சந்தைதான். ரூமி ஹனபி மத்ரஸாவில் பாடம் நடத்திய ஆலிம் என்பதை ஆய்வே நினைவூட்டுகிறது.

செய்ய வேண்டியவை பெரும் செலவு கேட்பவை அல்ல. தைக்காக்களிலும் பழைய வீடுகளிலும் கறையானுக்கு இரையாகும் அரபுத்தமிழ் கையெழுத்துப் பிரதிகளையும், பதிவேடுகளையும் பட்டியலிட்டுப் படமெடுக்க வேண்டும். ஒலுவிலிலும் பேராதனையிலும் பயிலும் மாணவர்கள் தமது ஊர் ஸியாரத்தையும் தரீக்காவையும் ஆய்வுத் தலைப்பாக எடுக்கும்போது, நிர்வாகிகள் கதவைத் திறக்க வேண்டும்; முடிவு தமக்குப் பிடிக்காவிட்டாலும் பொறுத்துக்கொள்ள வேண்டும். அரபுக் கல்லூரிகளில் தஸவ்வுபை ஆதரிப்பவர், மறுப்பவர் ஆகிய இருவரின் மூல நூல்களையும் ஒரே வகுப்பில் வாசிக்க வைக்க வேண்டும். அந்த வகுப்பிலிருந்து வெளிவரும் மௌலவி எந்த முடிவுக்கு வந்தாலும், இப்னுல் கையிம் அன்ஸாரியை மறுத்த விதத்தை ஒரு தடவையேனும் வாசித்திருப்பார். மிம்பரில் ஏறி அடுத்த தெரு முஸ்லிமைப் பற்றிப் பேசும்போது அந்த வாசிப்பு அவருக்கு உதவும்.