ஊசிக்கே முதற்செலவு



மயிலாப்பூரிலும் அடையாறிலும் சில இல்லங்களின் பரண்களில் பாட்டனார் காலத்து இசைத்தட்டுகள் இன்றும் உறங்குகின்றன. 2015இல் மறைந்த இசைமுரசு நாகூர் ஹனீபாவின் இளமைக் குரல் அவற்றுள் இருக்கலாம். அதனை மீண்டும் கேட்க விழைவோர் எதற்கு முதலில் பணம் செலவிடுவது?

பெரிய ஒலிபெருக்கியைக் கண்டு பலர் மயங்குகின்றனர். ஆனால் தட்டைத் தொடுவது ஊசி ஒன்றே. தேய்ந்த ஊசி தட்டின் வரிப்பள்ளத்தைச் சுரண்டிவிடும். அழிந்த குரலை எவ்வளவு கொடுத்தும் மீட்க இயலாது.

நிமிடத்திற்கு 78 முறை சுழலும் பழைய அரக்குத் தட்டின் பள்ளம் அகன்றது. நெடுந்தட்டின் ஊசியைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு பருத்த முனை அதற்குத் தேவை. இன்றைய சுழலிகள் பலவற்றில் 33, 45 வேகங்கள் மட்டுமே உண்டு. 78 உள்ளதா என்று கேட்டே வாங்குங்கள்.

ஆகவே முதலில் பொருத்தமான ஊசி. அடுத்து, அதன் அழுத்தத்தைத் திருத்தவல்ல கரமும் சீராகச் சுழலும் தட்டமும். ஒலிபெருக்கி வீட்டிலுள்ள பழையதே இப்போதைக்குப் போதும். அதனை அடுத்த ஆண்டும் வாங்கலாம். பாட்டனாரின் தட்டை வாங்க முடியாது.