பூட்டில்லாத அறிவு

2011இல் தமிழக சர்க்கார் மாணவர்களுக்கு மடிக்கணினி வழங்கத் தொடங்கியது. பொம்மிடி வட்டாரத்து விவசாயத் தொழிலாளியின் வீட்டுக்கும் கணினி வந்தது. விளக்கநூலோ ஆங்கிலத்தில்! தனியார் வகுப்புக்குக் கட்டணம் கட்ட அந்தத் தகப்பனிடம் ஏது பணம்?

2012 ஜனவரியில் தோன்றிய 'கணியம்' இதழில், லினக்ஸ் முதலிய கட்டற்ற மென்பொருள்களைத் தொண்டர்கள் கூலி வாங்காமல் எளிய தமிழில் விளக்கி எழுதினார்கள். எழுதியவர் பெயரைச் சொல்லி எவரும் அச்சடிக்கலாம், திருத்தலாம், திருத்தியதையும் அதே உரிமையுடன்தான் வெளியிட வேண்டும். ஏகபோகக் கம்பெனிகள் அறிவைப் பூட்டி விலை பேசுகின்றன. இவர்களோ அதைப் பொதுச் சொத்தாக்கினார்கள். மனமாரப் பாராட்டுகிறோம்.

ஆனால் தொண்டர்களின் ஓய்வு நேரத்தை நம்பி சர்க்கார் கைகட்டி நிற்பதா? இந்நூல்களை அச்சிட்டு ஒவ்வொரு கிராம நூலகத்திலும் வை என்று கோருகிறோம். பொம்மிடித் தோழர்கள் இக்கோரிக்கை மீது கையெழுத்து இயக்கத்தைத் தொடங்கட்டும்.